சாப்பாட்டுக்கு ஒரு கோட்டு

கீழிருந்து மேலாகத்தான் மாதையன் பித்தான்களைக் கழற்றுவார். அடிப் பித்தானில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறிக் கழுத்துப் பித்தானில் முடிப்பார். பிறகு சட்டையை ஒரு உதறு உதறி, கடை வாசல் நிலையில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டுவார். பனியன் போடும் வழக்கம் கிடையாது. வெறும் மேலோடு உள்ளே போய், சிமெண்டு மூட்டை அடுக்கில் தாழ்வான ஒன்றின் மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த தூக்கைத் திறப்பார். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் அந்தச் சட்டைதான் மத்தியானக் கடிகாரம். அது ஆணியில் தொங்கினால் மணி ஒன்று, மாதையன் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். போளூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு மலையேறி வந்த லாரிக்காரர்கூட அப்போது ஹாரன் அடிக்கமாட்டார். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிழலில் ஒதுங்கி நிற்பார்.

ஐம்பத்து நாலு வயது மனிதர். கட்டையான உடம்பு. காதோரம் மட்டும் நரை. சாமையும் புளியும் விளையும் நிலம் இன்னும் இருக்கிறது, அதை மனைவி அம்சவல்லி பார்த்துக்கொள்கிறார். மாதையன் பத்து வருஷமாகச் சிமெண்டு வியாபாரி. சோறு என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரே சட்டம்தான்: மேலே துணி இருக்கக் கூடாது. சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டால் கவளம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறதாம். "உள்ள போவ மாட்டேங்குது. கதவ சாத்திக்கினு வெருந்தாளி வான்னா எப்பிடி வருவான்?" என்பார். அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் அப்பாவிடம் இருந்தது ஒரே சட்டை, அதில் குழம்பு சிந்தினால் மறுநாள் சந்தைக்குப் போக முடியாது. மாதையனிடம் பதினாலு சட்டைகள் இருக்கின்றன. காரணம் போய்விட்டது, தொண்டை மட்டும் இன்னும் அப்பா காலத்திலேயே நிற்கிறது.

கடைத்தெரு ஓட்டலில் பின்சுவர் ஓரமாக அவருக்கென்று ஒரு மேசையும் ஒரு ஆணியும் உண்டு. போளூருக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பார்சல் வாங்கிக்கொண்டு போய், தன் குட்டியானை வண்டியின் முன்சீட்டில் ஏறிக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுச் சாப்பிடுவார். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி இன்னா சமாச்சாரம் என்று விசாரித்திருக்கிறார். வெற்று மார்போடு ஒரு மனிதர் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்கத் தோன்றாமல் போய்விட்டார்.

கல்யாண வீடுகளில்தான் சங்கடம். மொய் எழுதுவார், மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசுவார், போட்டோவுக்கு நிற்பார். பந்திக்குக் கூப்பிடும்போது ஆள் இருக்கமாட்டார். மண்டபத்தின் பின்பக்கம், அடுப்புப் புகைக்கு நடுவே, சமையல்காரர்களோடு உட்கார்ந்திருப்பார். அவர்களும் சட்டை போடாதவர்கள் என்பதால் அவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து, அவர்களோடு ஊர்நியாயம் பேசிக்கொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டு வருவார். முன்பக்கம் அம்சவல்லி தனியாக ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இலைக்காரி, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்பாள். "வந்துகீறாரு. பின்னாடி இருக்காரு." முப்பது வருஷக் கல்யாணங்கள், முப்பது வருஷமாக இந்த ஒரே பதில். இதை மாதையன் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பார், அவர்தான் பின்னாடி இருந்தாரே.

இப்படி இருந்த மனிதரைத்தான் சிமெண்டுக் கம்பெனி கப்பலில் ஏற்றியது. போன வருஷம் மலை முழுக்கத் தளம் போட்ட வீடுகள் எழும்பின. கம்பெனியின் மலைவட்டார வியாபாரிகளில் மாதையன் முதலிடம். கணவன் மனைவி இருவருக்கும் சென்னையிலிருந்து மூன்று ராத்திரி சொகுசுக் கப்பல், கடலைச் சுற்றிக்காட்டிவிட்டு மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள். போளூரிலிருந்து கம்பெனியின் விற்பனைப் பையன் ரஞ்சித்குமார் பைக்கில் வந்து சேதி சொன்னான். கையில் வழவழப்பான ஒரு கலர்த்தாள். அதில் மூன்று வெள்ளைக்கார ஆண்கள் மூன்று விதமாக உடுத்திக்கொண்டு, கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று எழுதியிருந்ததை அவன் மொழிபெயர்த்தான். லுங்கி கூடாது, அரைக்கால் சட்டை கூடாது, கையில்லாத பனியன் கூடாது, வார்ச்செருப்பு கூடாது. முதல் இரண்டு ராத்திரி காலர் வைத்த சட்டையும் முழுக்கால் பேண்ட்டும் போதும். மூன்றாவது ராத்திரி பெரிய விருந்து. கேடயம் கொடுப்பது அன்றைக்குத்தான். அதற்குக் கோட்டு, டை.

மாதையன் பேண்ட்டுக்குத் தலையாட்டினார். ஷூவுக்கும் தலையாட்டினார். கோட்டு என்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்புடறப்பவா?"

"சாப்புடறதுக்குத்தாங்கண்ணே போட்டுக்கணும்."

மாதையன் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். உலகத்தில் ஒரு மனுஷன் சோறு சாப்பிடுவதற்காக ஒன்றைக் கழற்றுவான் என்பது அவருக்குத் தெரியும். சாப்பிடுவதற்காக இருக்கிற சட்டைக்கு மேலே இன்னொன்றை எடுத்து மாட்டுவான் என்பதும், அதோடு நில்லாமல் கழுத்தில் ஒரு கயிற்றையும் இறுக்கிக்கொள்வான் என்பதும் அவருக்குப் புதுச்செய்தி. அந்த மூன்று வெள்ளைக்காரர்களும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

வீட்டில் போய், கேடயத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிடலாம், கப்பலும் வேண்டாம் கிப்பலும் வேண்டாம் என்றார். அம்சவல்லி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பதை நிறுத்தாமல்தான் பேசினார்.

"கடல நான் டீவியில பாத்துக்கினேன். கப்பல் மேலயும் எனுக்கு ஆச இல்ல. ஒரே ஒரு வேள, நாலு பேர் பாக்க, உன் பக்கத்துல ஒக்காந்து சாப்புடணும். அங்க புருசன் பொண்டாட்டிக்கு ஒட்டி ஒட்டிதான் சேரு போடுவாங்களாம், அந்தப் பையன் சொன்னான். நீ வர்றியா சொல்லு. இல்லாங்காட்டி வுடு, இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் நானு வரல."

புடைத்த சாமையை அம்சவல்லி குதிரில் கொட்டிவிட்டு உள்ளே போன பிறகும் மாதையன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷமாக இவள் மனதில் இப்படி ஒரு இலை காலியாகக் கிடக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பழக்கம் ஆரம்பமாயிற்று. முதல் வாரம் தோளில் துண்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டார், சோறு இறங்கியது. இரண்டாவது வாரம் ஒரு பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டார். இருமல் வந்தது, ஆனாலும் இறங்கியது. மூன்றாவது வாரம் சட்டை. பித்தான் போடாதவரை பிரச்சினை இல்லை. ஒரு பித்தான் போட்டார், இரண்டு போட்டார், மூன்றாவது பித்தான் போட்டதும் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. விக்கல் வந்து, தண்ணீர் குடித்து, அந்தத் தண்ணீரும் மூக்கு வழியாக வெளியே வந்தது. இப்போது ஆணியில் சட்டை தொங்காததால் கடைத்தெருவுக்கு நேரம் குழம்பிப்போயிற்று. லாரிக்காரர் ஒரு மணிக்கு ஹாரன் அடித்துவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதையன் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, மாத்திரையை விழுங்கினார்.

கடைத்தெருவில் ஆளுக்கொரு யோசனை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு என்றார் ஒருவர். குழம்புக்குப் பதில் மோர் ஊற்றிக்கொள் என்றார் இன்னொருவர். ரஞ்சித்குமார் தினம் போன் செய்து எத்தனையாவது பித்தானில் இருக்கிறீர்கள் அண்ணே என்று விசாரித்தான். வழி சொன்னவர் தையல்காரர் சின்னராசு. பள்ளிக்கூடச் சீருடைதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. கோட்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்களுக்குத் தைத்த அனுபவம் மட்டும்தான். மாதையனை நிற்கவைத்து அளவெடுத்தபடியே விஷயத்தைக் கேட்டவர், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா இம்மா நாளு பட்டினி கெடந்த? சித்திர வெயில்ல அந்தப் பேண்டு செட்டுப் பசங்க கோட்டுக்குள்ள சட்ட போட்டுக்கினு இருக்கானுங்கன்னு நென்ச்சியா? எல்லாம் மொகப்பு மட்டுந்தான். உள்ள ஒண்ணும் கெடயாது."

முகப்பு என்றால் இதுதான்: ஒரு காலர், அதற்குக் கீழே முறம் அளவுக்கு வெள்ளைத்துணி, அதில் பித்தான்கள், அதன்மேலேயே சேர்த்துத் தைத்த டை. பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு நாடா. சட்டையின் கைநுனிகளைத் தனியாக வெட்டிக் கோட்டின் கைக்குள்ளேயே தைத்துவிடுவார். மேலே கோட்டை மாட்டிவிட்டால் முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு முழுச்சட்டை. கோட்டுக்கு உள்ளே முதுகில் ஒரு நூல் கிடையாது, தொண்டையின் கணக்கில் அது சட்டை போடாத உடம்பு. மாதையனுக்கு உடனே புரிந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் மட்டும் பூசி வெள்ளையடித்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் செங்கல் தெரிய விட்டிருக்கும் வீடுகளுக்கு எத்தனை மூட்டை கொடுத்திருக்கிறார்!

கறுப்புக் கோட்டு பத்து நாளில் தயாரானது. தோளில் தங்கநிறக் குஞ்சலம் வைக்கக் கூடாது என்று சொன்னதில் சின்னராசுவுக்குக் கொஞ்சம் வருத்தம். வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்று கடைசிவரை சொல்லிப்பார்த்தார். தையல் இயந்திரத்தின் முன்னாலேயே மாதையனை உட்காரவைத்து, முகப்பைக் கட்டி, கோட்டை மாட்டி, எதிர்க்கடையிலிருந்து இட்லி வரவழைத்தார். வாசலில் பத்துப் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். மாதையன் ஒரு விள்ளலை வாயில் போட்டு, மென்று, கண்ணை மூடினார். திறந்தார்.

"எறங்குது" என்றார்.

கப்பலில் முதல் இரண்டு ராத்திரி சுலபமாகப் போயிற்று. மேல்தட்டில் வரிசையாக வைத்திருந்ததைத் தட்டில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு மலைச்சட்டப்படி சாப்பிட்டார். மூன்றாவது ராத்திரி விருந்துக் கூடம். சரவிளக்கு, வெள்ளை விரிப்பு, குளிர்சாதனக் காற்று. ஒட்டி ஒட்டி இரண்டு நாற்காலி, முன்னால் இரண்டு அட்டை. ஒன்றில் அவர் பெயர், மற்றதில் அம்சவல்லி என்று தனியாகவே போட்டிருந்தது. அம்சவல்லி அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்து, அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். சூப்பு வந்தது. மாதையன் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். "எறங்குதா?" என்று அம்சவல்லி கேட்க, இறங்குகிறது என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

கேடயத்தைக் கொடுத்துக் கைகுலுக்கிய பெரிய மேனேஜர் நல்ல மனிதர், அதுதான் வினை. இங்கே எல்லோரும் ஒரே குடும்பம், சாப்பிடும்போது எதற்கு இந்தப் பாரம் என்று சொல்லித் தன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். அவ்வளவுதான், கூடமே எழுந்துகொண்டது. தினமும் ஒரு மணிக்கு மாதையன் கடைவாசலில் செய்கிற காரியத்தை நாற்பது ஆண்கள் ஒரே நேரத்தில் செய்தார்கள். வாழ்நாள் பூராவும் மாதையன் சொல்லிவந்த நியாயத்தை உலகம் ஒத்துக்கொண்ட நேரம் அது. அந்த நேரத்தில், அந்தக் கூடத்தில், மேல்துணியைக் கழற்ற முடியாத ஒரே ஆண் மாதையன்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பணியாள் ஓசையில்லாமல் பின்னால் வந்து, மரியாதையாகக் குனிந்து, கோட்டின் காலரில் கைவைத்தான். மாதையன் மார்பின் குறுக்கே இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். அவன் புன்னகையோடு லேசாக இழுத்தான். இவர் புன்னகையோடு லேசாக முன்னால் சாய்ந்தார். முதுகில் நாடா முடிச்சு நெகிழ்வது தெரிந்தது. சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடியது, கால் தானாக எழுந்தது.

"இன்னா, பின்னாடி போறியா?" என்றார் அம்சவல்லி.

குரலில் கோபம் எதுவும் இல்லை. பழகிப்போன கேள்வி மாதிரிதான் கேட்டார். மாதையன் உட்கார்ந்துவிட்டார். அம்சவல்லி கம்பெனி ஆட்களோடு கப்பலுக்கு வந்து எதிர் மேசையிலிருந்த ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டு, "அவருக்குக் குளிருதாம்னு சொல்லு தம்பி" என்றார். அவன் இங்கிலீஷில் சொன்னான். பணியாள் கையை எடுத்தான். ஆனால் பெரிய மேனேஜர் காதிலும் அது விழுந்துவிட்டது. நம் முதலிட வியாபாரி குளிரில் நடுங்குவதா என்று பதறிப்போய், கூடத்தின் குளிர்சாதனத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கால்மணி நேரத்தில் கூடம் வெந்தது. நாற்பது ஆண்களும் டையைத் தளர்த்தி, கையை மடித்துவிட்டு, மெனு அட்டையால் விசிறிக்கொண்டார்கள். அவர்கள் நடுவே மாதையன் ஒருவர் மட்டும் கோட்டின் பித்தான் போட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்து, வந்ததையெல்லாம் சாப்பிட்டார். முதுகில் வியர்வை ஆறாக ஓடி பேண்ட்டுக்குள் இறங்கியது. மீன் வந்தது, சாப்பிட்டார். பெயர் தெரியாத கீரை வந்தது, அதையும் சாப்பிட்டார். ஐஸ்கிரீம் வந்தபோது அம்சவல்லி தன் பங்கிலும் பாதியை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார். விருந்து முடியும்போது, கூடத்தில் கடைசிவரை உடைமரியாதை காத்த கனவான் என்று கப்பல்காரர்களே ஒரு சான்றிதழ் எழுதி, மேடைக்கு அழைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சான்றிதழ் இப்போது ஜமுனாமரத்தூர்க் கடையில், சட்டை மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் மாதையன் தினமும் ஒரு மணிக்கு வெறும் மேலோடு உள்ளே போய் உட்கார்ந்து வெங்காயம் கடிக்கிறார்.

போன வைகாசியில் ஒடுகத்தூரில் சொந்தக்காரர் கோபால்சாமி மகளுக்குக் கல்யாணம். வெளியே தார் உருகும் வெயில். பந்தி போட்டதும் சனங்கள் இடம் பிடிக்க ஓடினார்கள். மாதையன் பின்பக்கம் போகவில்லை. இடுப்பில் கரைவேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை என்று வந்து அம்சவல்லிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் வாளியை வைத்துவிட்டு நின்றார்கள். கோபால்சாமியே ஓடிவந்து, இந்த வேக்காட்டில் இது எதற்கு மச்சான், கழற்றிப் போட்டுவிட்டு வசதியாகச் சாப்பிடுங்கள் என்று தோளில் கைவைத்தார்.

"வுடுண்ணா, அவருக்குக் குளிருது" என்றார் அம்சவல்லி.

மாதையன் இலையில் தண்ணீர் தெளித்தார். சோறு விழுந்தது. சாம்பாருக்குக் குழி செய்ய அவர் முன்னால் குனிந்தபோது கோட்டு மேலே ஏறி, பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் முதுகு தெரிந்தது. பக்கத்து இலைக்காரி அம்சவல்லியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அம்சவல்லி அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே, வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கையைப் பின்னால் நீட்டிக் கோட்டை இழுத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.